அந்தப் படத்தில் இருப்பவரை எனக்குத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் ரிஜிஸ்ட்ரியில், அதாவது கோப்புகளைப் பதிந்து பாதுகாக்கும் பிரிவில், 31 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கோப்புக்கு எண் போடுவது, தாளைத் துளையிட்டு டேக் கட்டுவது, மேலதிகாரி ‘கேஐவி’ (பிறகு பார்க்கலாம்) என்று எழுதியதை மூன்று மாதம் கழித்து மறுபடி அவர் மேசையில் வைப்பது, இவைதான் என் வேலை. சென்ற மாதம் நடந்த ஒரு விஷயம் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

நான் உறுப்பினராக இருக்கும் ஒரு சங்கத்தில் சாமான் அறையை ஒழித்துச் சுத்தம் செய்தார்கள். உடைந்த நாற்காலிகளோடு இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பழைய பேரேடுகளும் கூட்டக் குறிப்பேடுகளும் வெளியே வந்தன. 1950களின் சந்தாக் கணக்கு. யார் எந்த மாதம் எவ்வளவு கட்டினார், யார் வீட்டு இறப்புக்குச் சங்கம் எவ்வளவு கொடுத்தது என்று அழகான தமிழ்க் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. “பழைய பேப்பர்தானேக்கா, காராங் குனிக்குப் போட்டுடலாம்” என்று பழைய சாமான் வாங்குபவரைச் சொன்னார் ஒரு தம்பி. நல்ல பிள்ளை, வேலையும் நன்றாகச் செய்பவர். யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். பெட்டிகளை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

அரசாங்க அலுவலகத்தில் அப்படித் தூக்கிப் போட முடியாது. இதற்கென்று 1967லேயே சட்டம் வந்து, அடுத்த ஆண்டு தேசிய ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. எந்த வகைக் கோப்பை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று எங்களிடம் பட்டியல் இருந்தது. காலம் முடிந்தாலும் காப்பகத்தின் ஒப்புதல் இல்லாமல் அழிக்கக் கூடாது. ஒரு முறை அங்கிருந்து வந்த அம்மா ஒருவர், வடிகால் பராமரிப்புக் கடிதங்கள் என்று நான் ஓரமாக வைத்திருந்த கட்டை எடுத்துவைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எனக்கு மதிய உணவு நேரம், கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. கட்டின் நடுவில் கம்பத்து (கிராமத்து) மக்கள் கொடுத்த மனு ஒன்று. வெள்ளத்தில் கோழிகள் செத்ததையும் அடுப்படி இடிந்ததையும் சொல்லி, கீழே கையெழுத்துகளும் கட்டைவிரல் ரேகைகளும். “அவங்க பேசினது இந்தத் தாளில் மட்டும்தான் இருக்கும்” என்றார் அவர். அன்றிலிருந்து எந்தக் கட்டையும் மேல்தாளை மட்டும் பார்த்து நான் ஒதுக்கியதில்லை.

சுந்தரர் கதை நம் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து ‘நீ எனக்கு அடிமை, இதோ உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை’ என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறார். கோயிலில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இறைவன் மறைந்த இடத்துக்குப் போய்விடுவார்கள். நான் நிற்பது அதற்கு முன்னால். அந்த ஓலை உண்மைதானா என்று பார்க்க, பாட்டனார் கையெழுத்திட்ட வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்துச் சபையார் ஒப்பிடுகிறார்கள். அந்த ஊரில் யாரோ ஒருவர் அதை அத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

கேனிங் ரைஸில் இருக்கும் நம் காப்பகத்தை ஒரு முறை சுற்றிக் காட்டினார்கள். தாள்களைச் செப்பனிடும் அறையை விட்டு வர எனக்கு மனமே இல்லை. துருப்பிடித்த குண்டூசியைச் சிறு கத்தியால் நெம்பி எடுக்கிறார்கள். பழைய மையில் இரும்புச் சத்து உண்டு. நாளாக ஆக அது எழுத்து இருக்கும் இடத்திலேயே தாளை அரித்து ஓட்டையாக்கிவிடும். அந்த ஓட்டைக்கு மேல் வெங்காயத் தோல் போன்ற ஜப்பானியத் தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டி, மேலே கனம் வைத்துக் காயவிடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கே நாள் கணக்கு ஆகலாம். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சணம், கரையான், ராமபாணப் பூச்சி எல்லாம் உண்டு. எத்தனை ஆயிரம் தாள்களில் நானே குண்டூசி குத்தியிருப்பேன் என்று நினைத்தபோது மனம் கனத்தது.

காப்பகத்தில் ‘நீரிணைக் குடியேற்ற ஆவணங்கள்’ என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றுக்கும் சேர்த்து அன்று இருந்த பெயர்தான் நீரிணைக் குடியேற்றம். 1800 முதல் 1867 வரை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கடிதங்கள், எல்லாம் கையெழுத்து. இரண்டாம் உலகப் போருக்கு முன் ராஃபிள்ஸ் நூலகத்தில் இருந்தவை. ஜப்பானியர் காலத்தில் அந்த நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் கொள்ளை போகாமல் காத்தவர்கள் கார்னர் என்ற ஆங்கிலேயரும் தனகடாதே என்ற ஜப்பானியப் பேராசிரியரும். 1825 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளின் காலமும் இந்தத் தொகுப்புக்குள் அடங்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு அவர்கள் சுண்ணாம்பு பூசினார்கள் என்று பேசுகிறோம். அவர்களை எப்படி நடத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தக் கையெழுத்தைப் படிக்க ஆள் வேண்டும்.

நான் காப்பகத்துக்குப் போனது என் அப்பாவைப் பற்றிய பதிவுகளைத் தேடி. அவர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பெயிண்டர். நாங்கள் தளத்துக் குடியிருப்பில்தான் வளர்ந்தோம். படிப்பறையில் இருந்த அலுவலர், தளம் பிரிட்டிஷ் கடற்படைக்குச் சொந்தமானது, அதன் ஆவணங்களை லண்டனில் கியூ என்ற இடத்தில்தான் தேட வேண்டும், சம்பளப் பட்டியல் இங்கே கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சரி, இங்கே இருப்பதையாவது பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். பிரிட்டிஷ் விமானப்படை மேலிருந்து எடுத்த படங்களை அவர் காட்டினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எங்கள் பிளாக், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருந்த இடம், நாங்கள் பள்ளிக்குக் குறுக்கே நடந்துபோன ஒற்றையடிப் பாதை.

அப்புறம் பெயர் தேடினேன். இதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தக் காலத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ராமசாமிக்கு ஒருவர் கடைசியில் ‘ஐ’ போட்டிருப்பார், இன்னொருவர் ‘ஒய்’, மூன்றாமவர் நடுவில் ஒரு ‘டபிள்யூ’வைச் சேர்த்திருப்பார். அப்பா பெயரை மகன் பெயராகவே பதிந்த இடமும் உண்டு. கணினியில் ஓர் எழுத்து மாறினாலும் ஆள் அகப்படமாட்டார். வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள், இங்கிலீஷில் அதை எப்படியெல்லாம் சிதைக்க முடியும் என்பது நமக்குத்தான் தெரியும். அந்த அலுவலர் தமிழர் அல்லர். நான் சொன்ன ஒவ்வொரு விதத்தையும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.

அப்பா கிடைக்கவில்லை. ஆனால் கப்பல் பட்டறைப் படம் ஒன்று கிடைத்தது. நின்றுகொண்டிருக்கும் ஏழு பேரில் இடதுகோடியில் இருப்பவர் பக்கத்து வீட்டு மாமா. குறிப்பில் ‘இந்தியத் தொழிலாளர்கள்’ என்று மட்டுமே இருந்தது. இரவு வேலை முடிந்து வரும்போது ரொட்டி வாங்கி வந்து எங்களுக்கும் பிட்டுக் கொடுத்தவர் அவர். அவருடைய பெயர், ஊர், செய்த வேலை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மற்ற ஆறு பேரை எனக்குத் தெரியவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. தெரிந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள்.

காப்பகம் 2015லேயே ‘குடிமக்கள் ஆவணக் காப்பாளர்’ என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே பழைய படங்களுக்கு விவரம் எழுதலாம், கையெழுத்துத் தாள்களைப் படித்துத் தட்டச்சு செய்யலாம். 1979ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவில் தமிழில் பேசிய பேட்டிகளும் இருக்கின்றன. என் தோழிகளிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சில கோப்புகளைப் பார்க்க அந்தந்தத் துறையின் ஒப்புதல் வேண்டும், அதற்குக் காத்திருக்க நேரும். வயதானவர்கள் கேட்கும்போது அதைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் நல்லது என்பது என் வேண்டுகோள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். காப்பகத்தின் அனுமதியோடு மாதம் ஒரு படம், பெயர் தெரியாத நம்மவர்கள் இருக்கும் படம், உங்கள் பத்திரிகையில் வெளியிடுங்கள். துறைமுகம், நகராண்மைக் கழக லைன்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), ரயில்வே குடியிருப்பு, எதுவானாலும் சரி. முகம் தெரியும் அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கணினியைத் தொடமாட்டார்கள், பத்திரிகையைக் காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படிப்பார்கள். அவர்கள் சொல்வதை எழுதி அனுப்பப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சங்கத்தின் இரண்டு பெட்டிகளும் என் படுக்கையறையில் இருக்கின்றன. குண்டூசிகளை இன்னும் தொடவில்லை. தெரியாமல் எடுத்தால் தாள் கிழியும் என்று அங்கே பார்த்தேன். இவற்றைக் காப்பகம் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்க, நிர்வாகக் குழுவின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் இம்மாதக் கடைசி ஞாயிறு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரிஜிஸ்ட்ரி குமாஸ்தா,
ஈசூன்