டெட்ராய்ட்: ஆலைகள் மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டெட்ராய்ட் நகரின் சரிவு பற்றிய கட்டுரை படித்தேன். கார் ஆலைகள் மூடியதுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்திருக்க வேண்டாம். 1950இல் 18 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2020இல் சுமார் 6.4 லட்சம், அதே காலத்தில் புறநகர்கள் பெருத்தன. ஆட்களோடு வரியும் போனது. சாலை, குழாய், விளக்குச் செலவு மட்டும் மாநகராட்சியின் தலையில். 2013இல் திவால் மனு போட்டபோது தெருவிளக்குகளில் ஏறக்குறைய 40 சதவீதம் எரியவில்லை.

அப்போது நான் டெட்ராய்ட்டின் டிராய் புறநகரில் வேலை பார்த்தேன். எங்கள் குழுவில் டெட்ராய்ட்வாசி ஒருவர்கூட இல்லை. நகரத்துக்கு நாங்கள் கொடுத்தது, ஹாக்கி ஆட்டத்துக்குப் போய் பார்க்கிங் கட்டணம் கட்டியதோடு சரி. இன்னொரு அமெரிக்க நகரான மினியாபொலிஸ் வட்டாரத்தில் வணிகச் சொத்துவரி வளர்ச்சியில் ஒரு பங்கை 1970களிலிருந்தே நகரமும் புறநகர்களும் பகிர்ந்துகொள்கின்றன. மிச்சிகனும் அதைச் செய்து பார்க்கலாம்.

– ஒரு வாசகர், கோவை