வரைபடம் வரைவது சின்ன வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் கணினிவழிப் பொறியியல் வரைபடம் படிக்கிறாள். போன வாரம் வந்த உறவினர், "ஏன், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இடம் கிடைக்கவில்லையா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டார்.

நானும் வரைவாளனாக இருந்தவன்தான். டிரேசிங் தாளில் மை கசிந்தால் சவர பிளேடால் சுரண்டுவோம். தாள் ஓட்டையானால் முதலிலிருந்து வரைய வேண்டும். மகளுக்கு அந்தத் தலைவலி இல்லை. ஆனால் ஒரு குழாயை நகர்த்தினால் அது உத்திரத்தில் இடிக்கிறதா என்று அவள் முப்பரிமாணத்தில் பார்த்தாக வேண்டும். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையை அளந்து வரைந்தவள், நாங்கள் வாங்கவிருந்த குளிர்பதனப் பெட்டியின் கதவு பாதிதான் திறக்கும் என்று காட்டினாள். முன்பணம் தப்பியது!

சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் திட்டங்களைக் கட்டடத் தகவல் மாதிரியாகவே, அதாவது முப்பரிமாணக் கணினி வடிவமாகவே, கட்டட, கட்டுமான ஆணையத்திடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றை உருவாக்க இவளைப் போன்றவர்கள் வேண்டாமா?

தேர்வு முடிவு நாளில் உயர்நிலைப் பள்ளி வாசல்களுக்கு மட்டுமின்றி, இத்தகைய பயிற்சிக் கூடங்களுக்கும் ஒரு செய்தியாளரை அனுப்புங்கள்.

வாசகர் ஒருவர்,
ஈசூன்