பேத்தியின் முதல் பிறந்தநாளும் தாத்தா செய்த நடைவண்டியும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் என் பேத்திக்கு ஒரு வயது நிறைந்தது. அன்று நான் அவளுக்குக் கொடுத்த பரிசு, 1938ஆம் ஆண்டில் என் தாத்தா தம் கையால் செய்த மூன்று சில்லு நடைவண்டி. விருந்துக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், "புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே, வாத்தியார்" என்று அக்கறையோடுதான் சொன்னார். வந்தவர்களைக் கவனிக்கும் அவசரத்தில் அவருக்கு என்னால் உரிய பதில் சொல்ல முடியவில்லை. பழையதைக் கொடுப்பது குறைவு என்ற எண்ணம் நம் மலையகத் தேயிலைத் தோட்டப்புறங்களில் பலரிடமும் இருப்பதால், அந்தப் பதிலைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

தாத்தா பொகவந்தலாவைப் பகுதியில் ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலைப் பெட்டி அடிக்கும் வேலை பார்த்தவர். பெட்டிக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட பிளைவுட் துண்டுகளைக் கேட்டு வாங்கி, பலாக் கட்டையில் சில்லுகளை அறுத்து, வேலை முடிந்து வந்த இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, தம் மூத்த பிள்ளையான என் பெரியப்பா நடை பழகுவதற்காக இதைச் செய்தாராம். வண்டி இலேசாக இருந்தால் பிள்ளை கையை ஊன்றியதும் முன்னே ஓடிவிடும், பிள்ளை குப்புற விழும். ஆகவே அடிச்சட்டத்தைக் கனமாக வைத்து, சில்லுகள் அச்சில் சற்று இறுக்கமாகவே சுழலும்படி கடையாணி அடித்திருக்கிறார். மண் தரையிலும் சரி, இன்று எங்கள் வீட்டுச் சீமெந்துத் தரையிலும் சரி, அது பிள்ளையின் அடிக்கு ஏற்பத்தான் நகர்கிறது. குதிரை இல்லாமல் பிள்ளைகள் உருட்டும் மூன்று கால் சிறுதேரைச் சங்கப் பாட்டொன்றிலே மாணவர்களுக்குக் கற்பிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வண்டிதான் கண்ணில் நிற்கும்.

வண்டியின் அடிப்பலகையில் தோட்டத்தின் பெயர் பாதி எழுத்துகளோடு கறுப்பு மையில் இன்னும் தெரிகிறது. அதன் அருகே ஆணியால் கீறிய கோடுகள் இருக்கின்றன. இதைப் பிடித்து நடந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோடு. பெரியப்பா, என் அப்பா, அத்தை, பெரியப்பாவின் இரு பிள்ளைகள், நான், என் தம்பி, என் மகன் என எட்டுக் கோடுகள்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கையும் இந்தியாவும் நம் குடியுரிமை குறித்துக் கைச்சாத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 300,000 பேர் இலங்கைக்கு என்றும் இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் எண்ணிப் பிரிக்கப்பட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா இந்தியாவுக்கும் அப்பா இலங்கைக்கும் விண்ணப்பித்தார்கள். 1973இல் பெரியப்பா குடும்பத்தோடு தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறியபோது, கட்டிய மூட்டைகளுக்குள் அடங்காத இந்த வண்டியை, "உன் பேரப்பிள்ளைகளும் நடக்கட்டும்" என்று அப்பாவிடம் விட்டுச் சென்றார். நம் மக்களில் பெரும்பாலோருக்குப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கக் காணியும் இல்லை, வீடும் இல்லை. லயம் என்னும் வரிசை வீட்டில் நான்கு தலைமுறை வாழ்ந்த காம்பரா அறையும் தோட்டத்துக்கே சொந்தம், ஏழு பேர்ச் அளவுள்ள சிறு காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு இன்றும் நடையாய் நடக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் தாத்தாவின் கையிலிருந்து பேத்தியின் கைக்கு வந்து சேரும் பொருளை எந்தக் கடையில் வாங்குவது?

கம்பளைக்கு அருகே பழைய லயத்தில் அமைந்துள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு இதைக் கொடுக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அந்த இடத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் உருளக்கூடிய சில்லு உருள வேண்டும் என்பதே என் கருத்து. உடைந்தால் திருத்திக் கொள்வோம். இப்போது இருக்கும் முன்சில்லு கூட அப்பா மாற்றியதுதான்.

பழைய விளையாட்டுப் பொருளைக் கொடுப்பவர்கள் ஒன்றை மட்டும் தவறாமல் கவனிக்க வேண்டும். முன்பு விற்ற பெயின்ட் வகைகளில் ஈயம் மிகுதியாகக் கலந்திருக்கலாம்; நம் நாட்டில் பெயின்டில் உள்ள ஈயத்துக்குச் சட்டப்படி உச்ச அளவு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். ஒரு வயதுப் பிள்ளை கைப்பிடியைக் கடிக்காமல் இருக்காது, ஈயமோ வளரும் மூளையைப் பாதிப்பது. எங்கள் வண்டிக்கு எழுபதுகளில் யாரோ சிவப்புப் பெயின்ட் பூசியிருந்தார்கள். உலர்ந்தபடி தேய்த்தால் தூசி பறக்கும் என்பதால், பிள்ளை இல்லாத இடத்தில், முகத்தை மூடிக்கொண்டு, ஈரமாக்கியே மண்தாள் போட்டு அதை முழுவதும் எடுத்தேன். கைப்பிடியைப் புதிய மரத்தில் மாற்றி, துருப்பிடித்த ஆணிகளையும் கழற்றிவிட்டேன். மறுபடி எதுவும் பூசவில்லை.

பரணில் இப்படி ஒரு வண்டியோ பம்பரமோ தொட்டிலோ வைத்திருப்பவர்கள் அதைக் கீழே இறக்கி, செய்தவர் யார், எந்த மரம், யார் யார் விளையாடினார்கள் என்பதை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளோடு சேர்த்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் அப்பா உயிரோடு இருந்தபோதே நான் கேட்டு எழுதியிருக்காவிட்டால் அந்தக் கோடுகளில் பாதி யாருடையவை என்று எனக்கே தெரிந்திருக்காது.

பேத்தியின் கோடு ஒன்பதாவது. அவள் வண்டியைத் தள்ளும் படத்தைப் பார்த்துவிட்டு, நீலகிரியில் கோத்தகிரியில் இருக்கும் பெரியப்பாவின் இளைய மகன் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய பேரனுக்குப் பதினொரு மாதம். சில்லின் குறுக்களவு, அச்சின் நீளம், கைப்பிடியின் உயரம், கடையாணி இறங்கும் ஆழம் என எல்லாவற்றையும் அளந்து, தாத்தாவின் வண்டியைத் தாளில் வரைந்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அங்கே பலா மரம் பார்த்துவிட்டார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பொகவந்தலாவை.