தட்டினால் மனையின் நிலை தெரிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, தண்ணீர் தேங்கிய தெருக்களை, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மீது பொதுமக்களே இணையத்தில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் குறித்தார்கள். அதுபோலவே, எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என வகுக்கும் மூன்றாவது முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகருக்குத் தயாரிக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.), நில உபயோகத்தோடு ஏரி, கால்வாய், சதுப்புநில எல்லைகளையும் வெள்ளம் தேங்கும் இடங்களையும் அடுக்கடுக்காகச் சேர்த்து, சர்வே எண்ணைத் தட்டினாலே ஒருவரின் மனை எதற்குள் வருகிறது என்று தெரியும்படியான வரைபடத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி மனை வாங்குவோருக்கு இது மிக அவசியம். பத்திரப்பதிவு முடிந்த பிறகு தெரியவந்து என்ன பயன்? வரைவுத் திட்டத்தின் மீது ஆட்சேபம் தெரிவிப்பவர்கள் தங்கள் தெருவிலேயே புள்ளி வைத்துப் பதிவுசெய்யவும் அதில் வழி இருக்கட்டும். எவ்வளவு பெரிதாக்கினாலும் தெருப்பெயர் தெரியாத பிடிஎஃப் படத்தைப் பார்த்து எவராலும் கருத்துச் சொல்ல இயலாது.

- ஒரு வாசகர், மேடவாக்கம்