கண்ணளவு போதாது

ஆசிரியருக்கு,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர். பிரசவ வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள். அண்மையில் என் தங்கை மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனது. எவ்வளவு ரத்தம் போச்சு என்று சிஸ்டரிடம் கேட்டேன். "நார்மல்தாம்மா" என்றார். எதை வைத்து என்றால், நனைந்த துணியைப் பார்த்துத்தான். நாங்களும் அப்படித்தான் செய்தோம், அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் கண் ஏமாற்றும், பெரும்பாலும் நிஜ அளவைவிடக் குறைத்தே காட்டும். அதற்காகவே கோடு போட்ட பிளாஸ்டிக் பை இருக்கிறது. இடுப்புக்கு அடியில் விரித்தால் ரத்தம் பையில் இறங்கும், எத்தனை மில்லி என்று படித்துவிடலாம். பக்கத்து மாநிலத்தில், பெலகாவியில், இருபது வருடத்துக்கு முன்பே இதை வைத்து ஆய்வு செய்தார்கள். நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2023இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், பையால் அளந்து, கர்ப்பப்பை மசாஜ், ஊசிமருந்து, டிரிப்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாக உடனே தொடங்கியபோது கடும் ரத்தப்போக்கு சுமார் 60 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டு இந்த முறையைப் பரிந்துரைத்தது.

ராயபுரம், வியாசர்பாடி, காசிமேடு பக்கம் ரத்தசோகையோடு பிரசவத்துக்கு வரும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கொஞ்சம் போனாலே தாங்காது. சுகாதாரத் துறை அதிகாரிகளே, பிரசவ வார்டுகளுக்கு இந்தப் பையை வாங்கிக் கொடுங்கள். அப்புறம், புது ஆய்வுகளைப் படித்துப் பேச செவிலியர்களுக்கு வாரம் ஒரு மணி நேரமாவது பணி நேரத்திலேயே ஒதுக்குங்கள். நைட் டியூட்டி முடித்தவரை உட்கார வைத்து வகுப்பெடுக்காதீர்கள்.

– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை