சான்றிதழ் கிடைத்தது, பயிற்சி கிடைக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உயிர் அறிவியல் ஆய்வாளர்களுக்கான உயிரித் தகவலியல் (உயிரியல் தரவைக் கணினிகொண்டு ஆராயும் துறை) பயிலரங்குகள் இன்று பெருகியுள்ளன. அவற்றின் தரம் குறித்தே இக்கடிதம். அண்மையில் நான் கலந்துகொண்ட மூன்று நாள் பயிலரங்கில், மடிக்கணினிகளில் மென்பொருளை நிறுவுவதிலேயே முதல் நாள் கழிந்தது. மற்ற இரு நாள்களும், பயிற்றுநர் முன்கூட்டியே சீர்செய்து வைத்திருந்த தரவின்மீது அவர் சொன்ன கட்டளைகளை அப்படியே தட்டச்சு செய்தோம். சான்றிதழ் மட்டும் கெட்டி அட்டையில் வந்தது.

தரவைக் கையாளும் அடிப்படைப் பழக்கங்களை யாரும் தொடவில்லை. 'மார்ச்1', 'செப்ட்2' என்னும் மரபணுப் பெயர்களை எக்செல் தாளில் இட்டால் அவை தேதிகளாக மாறிவிடும். எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததை 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கடைசியில் (வேடிக்கைதான்) மென்பொருளுக்குப் பணிந்து மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. அதுபோலவே, மரபணுத்தொகுதியின் இடங்களைக் குறித்துவைக்கும் இரு கோப்பு வடிவங்களில், பெட் (BED) சுழியத்திலிருந்தும் ஜிஎஃப்எஃப் (GFF) ஒன்றிலிருந்தும் எண்ணுகின்றன என்பதை அறியாதவர், ஓரிடம் தள்ளிப் படித்துவிட்டு முடிவு எழுதிவிடுவார்.

பங்கேற்பாளர் தம் சொந்தத் தரவைக் கொண்டுவர அனுமதித்து, பயிற்சி முடிந்த பின்னும் சில வாரங்கள் ஐயம் கேட்க வழிசெய்யும் பயிலரங்குகளுக்கே நிதி நல்கும் துறைகள் முன்னுரிமை தர வேண்டும். ஃபரிதாபாத்தில் 2022இல் திறக்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையத்தில் தரவை ஒப்படைக்கும் முறையையும் பாடத்தில் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
விலங்கியல் விரிவுரையாளர் ஒருவர்,
மதுரை