எம்.டி. ஆய்வேடுகள் ஒன்றோடு ஒன்று சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எம்.டி., எம்.எஸ். என்று மேற்படிப்பு படிக்கும் டாக்டர்களுக்கு தீசிஸ், அதாவது ஆய்வேடு, எதற்கு, எடுத்துவிடலாமே என்று தேர்வு நெருங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பும், அப்புறம் அடங்கிவிடும். அது வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் இப்போது நடக்கிற விதத்தில் அதனால் யாருக்கும் பெரிய பயன் இல்லை, முக்கியமாக, ஆய்வில் சேர நம்பிக் கையெழுத்துப் போட்டு, பரிசோதனைக்கு ரத்தமும் கொடுக்கிற நோயாளிக்கு இல்லை.

மூன்று வருடப் படிப்பு என்று பெயர். வார்டு வேலை பிடிபடுவதற்குள் தலைப்பைக் கொடுக்க வேண்டும். பிறகு ஆய்வு முறையானதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டி, நோயாளிக்குத் தமிழில் ஒப்புதல் படிவம், ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆன்லைன் ஆராய்ச்சிப் பாடம், நடுவில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணி. தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், அது ஏற்கப்பட்டால்தான் பரீட்சை எழுத முடியும். உண்மையில் நோயாளிகளைச் சேர்க்கக் கிடைப்பது ஒன்றரை வருடம்கூட இல்லை, அதுவும் டூட்டிக்கு நடுவே.

நான் பொது மருத்துவம் படித்தேன், சர்க்கரை நோயாளிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்துப் பார்க்கிற ஆய்வு. ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து நிற்பார், நான் கேஷுவாலிட்டியில் மூச்சுத் திணறலோடு வந்தவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவர் மதியம் வரை காத்திருந்துவிட்டுப் போய்விடுவார், அடுத்த முறை வரமாட்டார். லேபில் பரிசோதனைக்கான ரசாயனம் (ரீஏஜன்ட்) தீர்ந்துவிட்டால் வெளியில் டெஸ்ட் எடுக்க என் ஸ்டைபண்டிலிருந்துதான் பணம் கொடுத்தேன். கைடு நல்லவர், ஆனால் ஓ.பி.யும் வகுப்பும் போக அவருக்கும் நேரம் இருந்ததில்லை. புள்ளியியலுக்குத் தனியாக ஓர் ஆளைப் பிடிக்க வேண்டியிருந்தது. நள்ளிரவில், எல்லா நோயாளிகளின் விவரமும் ஏறும் மாஸ்டர் சார்ட்டின் காலிக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவருக்கு அங்கே ஓர் எண்ணைப் போட்டுவிடலாம் என்று தோன்றினால், அதைத் தடுக்க அவருடைய மனசாட்சியைத் தவிர வேறு எந்த ஏற்பாடும் இல்லை. இது எனக்கு மிகவும் கவலை தருகிறது, ஏனென்றால் அந்த எண்ணை நம்பி நாளைக்கு ஒருவர் மருந்து எழுதக்கூடும்.

நம் ஊரில் நல்ல ஆராய்ச்சி நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் காசநோய் குணமாகும் என்று 1959-ல் காட்டியது, உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. படுக்கை கிடைக்காத ஏழை நோயாளியை என்ன செய்வது என்று தினமும் எதிரே நின்ற கேள்விதான் அது.

அரளி விதை தின்று வருபவர்களையும் பாம்புக்கடியோடு வருபவர்களையும் நம் அரசு மருத்துவமனைகள் அளவுக்கு எத்தனை இடங்களில் பார்க்கிறார்கள்? ஆனால் ஒரு மாணவர் ஐம்பது பேரைப் பார்த்து எழுதுவார், அடுத்த பேட்சில் இன்னொருவர் வேறு படிவத்தில், வேறு அளவுகோலில், முதலிலிருந்து தொடங்குவார். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் பழைய ஆய்வேடுகள் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. ஒரு துறை ஒரு கேள்வியை எடுத்து, ஒரே படிவத்தில் பத்து வருடம் பேட்ச் பேட்சாகத் தொடரட்டும், நாலைந்து கல்லூரிகள் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. அதில் தன் பங்குக்கான கேள்வியை மாணவர் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

அதோடு வாரத்தில் அரை நாள் ஆய்வுக்கென்று டூட்டி சார்ட்டிலேயே எழுதப்பட வேண்டும், கல்லூரிக்கு ஒரு புள்ளியியலாளர் நிஜமாகவே உட்கார்ந்திருக்க வேண்டும். துறைத் தலைவரின் நல்ல மனதை மட்டும் நம்பினால், ஆள் பற்றாக்குறை வந்த முதல் வாரமே அந்த அரை நாள் பறிபோகும். எனவே மருத்துவக் கல்வி இயக்குநரகம் இதை எழுத்துப்பூர்வ உத்தரவாகவே போட வேண்டும், அடுத்த பேட்ச் தலைப்பு கொடுப்பதற்கு முன்பாக.

இப்படிக்கு,
ஓர் அரசு மருத்துவர்,
விழுப்புரம் மாவட்டம்